மாவுக்கட்டுப் பிரித்த பின்னர்

ஆண்டுதோறும் ஏப்ரல் மாத இறுதியில் பள்ளித் தேர்வுகள் முடிகின்றன. அதற்கடுத்த வாரத்திலிருந்தே எங்கள் எலும்பு மூட்டுப் புறநோயாளர் பிரிவில், ஒரு கையை மறுகையால் தாங்கியபடி சிறுவர் சிறுமியர் வந்து அமரத் தொடங்குவர். மாமரத்திலிருந்து விழுந்தவர், மாடிப்படியில் சறுக்கியவர், சைக்கிளிலிருந்து விழுந்தவர் எனக் காரணங்கள் பல. உடன் வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "கை பழையபடி ஆகிவிடுமா?" என்பது. இரண்டாவது கேள்வி பெரும்பாலும் கட்டுப் பிரிக்கும் நாளில், எழுந்து வாசல்வரை சென்றபின் திரும்பி நின்று கேட்கப்படும்: "இனி சைக்கிள் ஓட்டலாமா?" முதற்கேள்விக்கு மருத்துவர்களாகிய நாங்கள் பொறுமையாக விடை கூறுகிறோம். இரண்டாவதற்கு எப்போதும் அவ்வாறு கூறுவதில்லை. நான் கூறவில்லை. அதன் விளைவைச் சென்ற மே மாதம் ஒரு கோடை முகாமில் நேரில் கண்டேன்.

எங்கள் ஊரின் புறத்தே உள்ள ஒரு மைதானத்தில், 7 முதல் 13 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இரண்டு வாரப் பி.எம்.எக்ஸ். சைக்கிள் பயிற்சி முகாம் நடத்தினர். காலை 6 மணி முதல் 8 மணி வரை அங்கே இருக்க ஒரு மருத்துவர் வேண்டும் என்று என்னைக் கேட்டனர். ஒப்புக்கொண்டேன். சேவை மனப்பான்மை மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். மண்மேடுகளின் மேல் குழந்தைகளைச் சைக்கிளில் ஏற்றி இறக்குபவர்கள் எத்தனை எலும்புகளை எனக்கு அனுப்பிவைக்கப் போகிறார்கள் என்று பார்க்கும் ஐயமும் உடனிருந்தது.

பி.எம்.எக்ஸ். என்பது மோட்டார் சைக்கிள் மண்பாதைப் பந்தயத்தைப் பார்த்துச் சிறுவர்கள் உருவாக்கிக்கொண்ட விளையாட்டு. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் தம்மிடமிருந்த சிறு சைக்கிள்களைக் கொண்டு வெற்று நிலங்களிலும் மண்மேடுகளிலும் பந்தயம் விடத் தொடங்கினர். பெரியவர்கள் சங்கமும் விதியும் அமைத்தது பின்னர்தான். 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பந்தயப் பிரிவு சேர்க்கப்பட்டது. சாகசப் பிரிவு, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. வண்டியின் அமைப்பு எளியது: 20 அங்குலச் சக்கரம், ஒரே கியர், தாழ்ந்த இருக்கை. அமர்ந்து ஓட்டுவதற்கான வண்டி அன்று இது. ஓட்டுபவர் பெரும்பாலும் பெடலின் மேல் நின்றபடியே இருப்பார். இருக்கை ஓய்வுக்கும் சமாளிப்புக்கும் மட்டுமே.

முதல் நாள் ஒரு குழந்தையும் வண்டி ஓட்டவில்லை. பயிற்சியாளர் இருபத்தைந்து வயதைத் தாண்டாத இளைஞர். குழந்தைகள் அவரை 'அண்ணா' என்றே அழைத்தனர். அவர் தலைக்கவசங்களைச் சரிபார்ப்பதற்கே அரை மணி நேரத்திற்கும் மேல் எடுத்துக்கொண்டார். கவசத்தின் முன்விளிம்பு புருவத்திற்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். பக்கவாட்டு வார்கள் காதுக்குக் கீழே 'வி' வடிவில் சேர வேண்டும். தாடை வாருக்கும் தாடைக்கும் இடையே ஒரு விரல்தான் நுழைய வேண்டும். வீட்டிலிருந்து கவசம் கொண்டுவந்த குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் அதை நெற்றி முழுவதும் தெரியும்படி பின்னால் தள்ளி அணிந்திருந்தனர். முன்னால் விழும் குழந்தையின் நெற்றியை அத்தகைய கவசம் காக்காது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம், வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், உள்ளிருக்கும் நுரைப்பகுதி நசுங்கிப் பயனிழந்திருக்கும். அதை மாற்றிவிட வேண்டும். அண்ணனுக்குச் சிறிதாகிப்போன கவசத்தைத் தம்பிக்குக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கொடுப்பதற்கு முன் அது எப்போதாவது அடி தாங்கியதா என்று அண்ணனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியாளர் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் வண்டிகளின் கைப்பிடிகளைப் பார்த்துக்கொண்டு சென்றேன். எலும்பு மருத்துவருக்குக் கைப்பிடியில் என்ன வேலை என்று அவர் கேட்டார். பல ஆண்டுகளுக்கு முன், பணியிலிருந்த ஓர் இரவு, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைக் கையில் அடிபட்டிருக்கிறது என்று கூறி என்னிடம் அழைத்து வந்தனர். மணிக்கட்டில் இலேசான முறிவு. சட்டையை உயர்த்திப் பார்த்தபோது தொப்புளுக்கு மேல் ஒரு ரூபாய் நாணய அளவில் வட்டமாகச் சிவந்த தடம் ஒன்று இருந்தது. சைக்கிள் கைப்பிடியின் நுனி பதிந்த இடம் அது. அவள் நன்றாகவே பேசினாள். சிறிது நேரத்திற்கு முன் இட்லி சாப்பிட்டிருந்தாள். மறுநாள் காலை வாந்தி தொடங்கியது. கணையத்தில் காயம். பல நாள்கள் மருத்துவமனையில் இருந்து, நலமாக வீடு திரும்பினாள். அன்றிரவு அந்த வட்டத்தடத்தைக் கண்டு அவளை வீட்டிற்கு அனுப்பாமல் வைத்துக்கொண்ட அறுவைச் சிகிச்சைப் பிரிவு நண்பருக்கு நான் இன்றும் நன்றியுடையவன். நான் மணிக்கட்டை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன்.

விழும்போது முன்சக்கரம் திரும்பிவிட்டால் கைப்பிடியின் நுனி ஈட்டிபோல் வயிற்றை நோக்கி நிற்கும். குழந்தையின் வயிற்றுச் சுவர் மெல்லியது. கல்லீரல், மண்ணீரல், கணையம், குடல் ஆகியவை நேரே அந்த அடியை வாங்கிக்கொள்ளும். வெளியே சிறு கன்றலுக்கு மேல் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். எனவே, கைப்பிடி வயிற்றில் குத்தியது என்று குழந்தை கூறினால், அது ஓடி விளையாடிக்கொண்டிருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றுவலி, வாந்தி, முகம் வெளிறுதல், தோள்பட்டையில் காரணமற்ற வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் இரவென்று காத்திருக்க வேண்டா. இதைத் தடுக்கும் வழி எவ்வளவு எளிது என்பதுதான் வியப்பு. கைப்பிடி ரப்பர் உறையின் நுனி தேய்ந்து உள்ளிருக்கும் இரும்புக் குழாயின் விளிம்பு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உறையை மாற்றுங்கள். சைக்கிள் கடையில் சிறு செலவில் முடியும் வேலை. முகாமுக்கு வந்த வண்டிகளுள் இரண்டு அவ்வாறிருந்தன. மாற்றிக்கொண்டு வந்த பிறகே அவற்றைப் பாதைக்குள் விட்டனர்.

என் தலைமுறை சைக்கிள் கற்ற விதம் வேறு. வாடகைக் கடையில் மணிக்கணக்கில் எடுத்த பெரிய வண்டி. இருக்கையில் அமர்ந்தால் கால் எட்டாது. ஆகவே, குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போடுவோம். பிரேக் பிடிக்கக் கற்பதற்கு முன்பே வேகம் எடுக்கக் கற்றோம். நிறுத்துவதற்குச் சுவரோ வேலியோ துணை செய்தது. முட்டியில் காயமில்லாத கோடை விடுமுறை எனக்கு நினைவில் இல்லை. அவ்வாறு கற்றதைப் பெருமையாகப் பேசுவோர் உண்டு. நானும் பேசியிருக்கிறேன். ஆனால் அன்று கை கோணலாகவே கூடிப்போன என் வகுப்புத் தோழர்கள் இருவரை எண்ணும்போது அந்தப் பெருமை குறைகிறது.

முகாமில் வரிசை தலைகீழாக இருந்தது. முதலில் நிற்கக் கற்றனர். வண்டி ஓட்டியறியாத சிறு குழந்தைகளின் வண்டிகளிலிருந்து பெடல்களைக் கழற்றிவிட்டனர். இருக்கையைப் பாதம் முழுவதும் தரையில் படும் அளவுக்குத் தாழ்த்தி, காலால் உந்தி உந்திச் செல்லச் செய்தனர். சமநிலை வந்த பிறகே பெடல் திரும்ப வந்தது. ஓட்டத் தெரிந்தவர்களுக்குச் சுண்ணாம்புக் கோடு ஒன்றைப் போட்டு, அதைத் தாண்டாமல் பிரேக் பிடித்து நிற்கப் பழக்கினர். அதன்பின் பெடல்கள் இரண்டையும் தரைக்கு இணையாக வைத்து, முழங்காலும் முழங்கையும் சற்றே மடங்க, இருக்கையைத் தொடாமல் நிற்கும் நிலை. பார்வை முன்சக்கரத்தில் இருக்கலாகாது. செல்ல வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். "கண்ணு எங்க போகுதோ வண்டி அங்க போகும்" என்று பயிற்சியாளர் நாளொன்றுக்கு நூறு முறையாவது கூறியிருப்பார்.

அந்த மடங்கிய முழங்கைதான் என் கவனத்தை ஈர்த்தது. மேட்டில் ஏறி இறங்கும்போது தரையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள அவர் அதைக் கற்பித்தார். எனக்கோ வேறொன்று தோன்றியது. குழந்தைகளின் கை முறிவுகளுள் மிகப் பல, விழும்போது கையை விறைப்பாக நீட்டி ஊன்றுவதால் வருபவை. மணிக்கட்டு, முன்கை, முழங்கைக்கு மேற்பகுதி என்று உடலின் பாரம் ஏறிவரும் வழியில் எது தாங்காதோ அது முறியும். புல்தரையில் வண்டியில்லாமல், முழந்தாளிட்ட நிலையிலிருந்து தோளால் உருண்டு விழவும் குழந்தைகளைப் பழக்கினர். இப்பயிற்சி முறிவே வராமல் தடுக்கும் என்று நான் கூறமாட்டேன். கண்ணிமைக்கும் நேரத்தில் விழும் குழந்தை பாடத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. ஆயினும், விழுவது அவமானமன்று, அதற்கும் ஒரு முறை உண்டு என்று அறிந்த குழந்தையின் உடல் விறைப்பதில்லை என்பதை அந்த இரண்டு வாரங்களில் கண்டேன்.

மூன்றாம் நாள் மைதானத்தின் மதிற்சுவரை ஒட்டிய நிழலில் ஒரு சிறுவன் அமர்ந்திருந்தான். மடியில் தண்ணீர்ப் பாட்டில். அவனுடைய தங்கை முகாமில் சேர்ந்திருந்தாள். அவன் சேரவில்லை. பாட்டிலை நீட்டியபோது அவன் முழங்கையின் வெளிப்புறத்தில் இரண்டு சிறு புள்ளித் தழும்புகள் தெரிந்தன. முகம் மறந்திருந்தது. தழும்பு மறக்கவில்லை. முந்தைய ஆண்டு சைக்கிளிலிருந்து விழுந்து, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு விலகி முறிந்த நிலையில் வந்தவன். அன்றிரவே மயக்க மருந்து கொடுத்து, எலும்பை நேராக்கி, இரண்டு மெல்லிய கம்பிகளைச் செலுத்தி நிறுத்தினேன். நான்காம் வாரத்தில் கம்பிகளை எடுத்துவிட்டேன். கையை நீட்டி மடக்கச் சொன்னேன். முழுமையாக நீண்டது, முழுமையாக மடங்கியது. மற்றக் கைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

"நீ ஏன்ப்பா ஓட்டல?" என்றேன். அவன் தாயைப் பார்த்தான். அவர் தயங்கியபடி கூறினார்: "டாக்டர், நீங்கதான் சொன்னீங்க, இனிமே சைக்கிள் வேண்டாம்னு. அவன் வண்டியை அவங்க சித்தப்பா பையனுக்குக் குடுத்துட்டோம்."

அன்று என்ன நடந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. கம்பி எடுத்த நாள். வெளியே நாற்பது பேர் காத்திருந்திருப்பர். அவர் வாசலில் நின்று கேட்டிருப்பார். நான் அடுத்தவரின் எக்ஸ்ரேயை விளக்கொளியில் பிடித்தபடியே, "இனி சைக்கிளெல்லாம் வேண்டாம்மா" என்றிருப்பேன். இரண்டு மாதங்களுக்கு வேண்டா என்பது என் எண்ணம். அந்த இரண்டு மாதங்கள் என் எண்ணத்திலேயே தங்கிவிட்டன. அவர் காதுக்குச் சென்றது ஆயுள் தடை. கோப்பிலும் ஒரு சொல் எழுதவில்லை. அவர் குறை கூறவில்லை. மருத்துவர் சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான். தெருப்பிள்ளைகள் சைக்கிளில் செல்லும்போது அவன் பின்னால் ஓடுவான் என்று அவராகவே பிறகு ஒரு நாள் கூறினார்.

இங்கே சற்று நின்று, இந்தக் கால அளவுகளைப் பற்றி எழுதியாக வேண்டும். குழந்தையின் எலும்பு பெரியவரின் எலும்பைவிட விரைவாகக் கூடுவது. மணிக்கட்டருகே எலும்பு முழுவதும் முறியாமல் இலேசாகப் புடைத்துக்கொள்ளும் முறிவுக்குப் பெரும்பாலும் மூன்று வாரக் கட்டுப் போதும். மேலும் சில வாரங்கள் முரட்டு விளையாட்டைத் தவிர்த்தால் சரி. முழங்கைக்கு மேற்பட்ட முறிவில் கம்பிகளை மூன்று அல்லது நான்கு வாரங்களில் எடுத்துவிடுவோம். கை முழுமையாக நீளவும் மடங்கவும் அதன்பின் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம். குழந்தை தானாகவே கையைப் பயன்படுத்தி அதை மீட்டுக்கொள்ளும். எண்ணெய் தேய்த்து உருவுவதும், பிடித்து இழுத்து நீட்டுவதும் தீங்கு. மூட்டைச் சுற்றியுள்ள தசையில் எலும்பு படிந்து, விறைப்பு நிலைத்துவிடக்கூடும். முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்திருந்தால் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். கட்டுப் பிரித்த பின்னரும் சில மாதங்கள்வரை அதே இடம் மீண்டும் முறியும் வாய்ப்பு உண்டு. சமதரையில் மெல்ல ஓட்டுவது வேறு, மேடுகளில் தாவுவது வேறு. இரண்டிற்கும் தனித்தனியே நாள் கேளுங்கள். உங்கள் குழந்தையின் எக்ஸ்ரேயைப் பார்த்தவர் சொல்வதே அதற்குரிய கணக்கு. இக்கட்டுரை அன்று.

எலும்பைத் தாண்டியும் சில உண்டு. வலிப்பு நோய் உள்ள குழந்தை, இரத்தம் எளிதில் உறையாத குறைபாடு உள்ள குழந்தை, ஏதேனும் நோயால் மண்ணீரல் வீங்கியிருக்கும் குழந்தை ஆகியோர் தம் மருத்துவரின் ஒப்புதல் பெறாமல் இத்தகைய பாதையில் இறங்கலாகாது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தை ஓட்டலாம். தொடங்கும் முன் சர்க்கரை அளவைப் பார்த்து, குளுக்கோஸைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். அது பயிற்சியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முகாமில் அத்தகைய சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய தாய் எழுதிக்கொடுத்த அரைப்பக்கக் குறிப்பு, நான் எழுதும் எந்தக் குறிப்பைவிடவும் தெளிவாக இருந்தது.

சிராய்ப்புகள் நாள்தோறும் வந்தன. ஓடும் நீரும் சோப்பும் கொண்டு மண் போகும்வரை கழுவுவதே பெரும்பகுதி மருத்துவம். வீட்டுப் பெரியவர் ஒருவர் காப்பித்தூள் பொட்டலத்துடன் விரைந்து வந்தார். அவரைத் தடுப்பதுதான் என் இரண்டு வாரப் பணியில் கடினமானது. தலையில் அடிபட்டு ஒரு சிறுவன் சற்றுநேரம் குழம்பிப் பேசியபோது மட்டும் அன்றைய ஓட்டத்தை உடனே நிறுத்தி, பரிசோதனைக்கு அனுப்பினேன். "நல்லாத்தான் இருக்கேன்" என்று அவன் அழுதான். தலையதிர்ச்சி ஐயம் இருக்கும் குழந்தை அன்று மீண்டும் வண்டி ஏறக்கூடாது. இதில் பேரத்திற்கு இடமில்லை.

நம் சிறுவனிடம் திரும்புகிறேன். அவன் ஓட்டலாம் என்று நான் கூறிய உடனேயே தாய் சம்மதித்துவிடவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்வதாகக் கூறிச் சென்றார். இரண்டு நாள்கள் கழித்து அவனைக் கவசத்துடன் அழைத்து வந்தார். அதற்குப் பிறகுதான் மற்றொன்று தெரிந்தது: தடை நீங்கினாலும் அச்சம் நீங்கவில்லை. முன்பு நன்றாக ஓட்டியவன் இப்போது கைகளை மரக்கட்டைபோல் நீட்டிப் பிடித்தான். இடக்கை மட்டும் கைப்பிடியை வெளுக்கும்வரை இறுக்கியது. நான் கூடச் சென்று, எலும்பு முன்பைப்போலவே உறுதியாக இருக்கிறது என்று விளக்கினேன். மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டான். ஒரு பயனும் இல்லை. பயிற்சியாளர் ஒன்றும் விளக்கவில்லை. பெடலைக் கழற்றி, அவனை ஏழு வயதுக் குழந்தைகளின் வரிசையில் தங்கைக்குப் பின்னால் நிறுத்தினார். ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அது எவ்வளவு வெட்கம் என்று எண்ணி நான் குறுக்கிட முனைந்தேன். அவர் தலையசைத்து மறுத்தார். அவர் கணிப்பே சரி. தங்கை திரும்பித் திரும்பிப் பார்த்து, "அண்ணா, கீழ பாக்காத" என்று அவனுக்குப் பாடம் நடத்தினாள். இரண்டாம் நாளே அவன் பெடலைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

பத்தாம் நாள் பாதையை முழுச் சுற்றுச் சுற்றினான். மேடுகள் முழங்கால் உயரமே. ஆனால், இறக்கத்தில் வண்டியை அழுத்தி, ஏற்றத்தில் உடலை இலேசாக்கி, பெடல் மிதிக்காமலே அடுத்த மேட்டை ஏறும் நுட்பம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. பதினொன்றாம் நாள் விழுந்தான். கடைசி மேட்டில் முன்சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்தான். அவன் தாய் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். நான் முழுதும் எழுந்துவிட்டேன். அவன் புழுதியில் ஒருமுறை உருண்டு, எழுந்து, முதலில் தன் இடக்கையை நீட்டி மடக்கிப் பார்த்தான். பின்னர் எங்கள் இருவரையும் பார்த்தான். வண்டியை நிமிர்த்தி வரிசையின் கடைசிக்குத் தள்ளிக்கொண்டு போனான். தாய் மெதுவாக அமர்ந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

முகாம் முடிந்த மறுவாரம் பழைய கோப்புடன் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். அவனுக்கு உடல்நலக் குறை ஏதுமில்லை. "வாயால சொன்னா மறந்துடுது டாக்டர். இந்தத் தடவை எழுதிக் குடுத்துடுங்க. அவங்க பாட்டிகிட்ட காட்டணும்" என்றார். எழுதினேன்: முறிவு முழுமையாகக் கூடியுள்ளது, மூட்டின் அசைவு இயல்பாக உள்ளது, தலைக்கவசத்துடன் சைக்கிள் ஓட்டலாம், கட்டுப்பாடு ஏதுமில்லை. கீழே தேதியிட்டுக் கையொப்பமிட்டேன். அன்று முதல் என் நோயாளிகளின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: பள்ளி எந்நாளிலிருந்து, ஓட்டம் எந்நாளிலிருந்து, சைக்கிள் எந்நாளிலிருந்து. அந்த வரி காலியாக விடப்பட்டிருந்தால், நாற்பது பேர் காத்திருந்தாலும், வாசலிலிருந்து திரும்பி வந்து கேளுங்கள்.

அவர் தாளை இரண்டு முறை படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை சென்றார். வழக்கம்போல் அங்கே திரும்பி நின்றார்.

"மழை பேஞ்சா ஓட்டலாமா டாக்டர்?"

ஈரத்தில் பிரேக் உடனே பிடிக்காது, வண்டி நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும் என்றேன். அதற்குமேல் அவனுடைய பயிற்சியாளர் அண்ணாவைத்தான் கேட்க வேண்டும்.